கடைசியில் நின்ற அணிக்கு முதல் பிள்ளை

1

ஊரில் உள்ள பெரியவர்களுக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும், என் முகம் தெரியாத இளையவர்களுக்கும் ரங்கூனில் இருந்து ஸலாம். இப்போது எல்லாரும் யாங்கோன் என்கிறார்கள். என் வாய்க்கு இன்னும் ரங்கூன்தான்.

ஜமாஅத் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கடிதம் வருகிறது. எழுத ஒன்றும் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் பந்தாட்டக் குழுவின் இப்போதைய செயலாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வருட ஆள் எடுப்பு அடுத்த மாதம், பழையபடி நீங்களே வந்து பலகையில் பெயர் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்துதான் அழகு என்றார். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும். கொஞ்ச நாளாகப் பொய் எனக்குச் சுலபமாக வருகிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். மாற்றாவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், வாசிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். என் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது மிங்கலா தாங்ஞுன்ட். ரயில் பாதைக்கும் சந்தைக்கும் நடுவே வீட்டின் மேல் வீடாக அடுக்கிவைத்த பேட்டை. சந்தையில் எனக்கு ஆணி, கயிறு, தாழ்ப்பாள் விற்கும் சின்னக் கடை. எட்டு வயதில் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கப்பலில் இருந்து இறங்கியவன். அறுபதுகளில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பினார்கள். வாப்பா திரும்பவில்லை. உம்மாவின் கபுர் இங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் நானும் நின்றேன். இன்றுவரை என் கையில் இருப்பது அன்னியர் பதிவுப் புத்தகம். வருடா வருடம் போய் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இங்கேயே பிறந்த என் பிள்ளைகளுக்குத் தற்காலிகம் என்று அச்சிட்ட வெள்ளை அட்டை.

ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தேன், சொந்தக்காரர்களோடு கப்பலில் அனுப்பிவைத்த தங்கையின் கல்யாணத்துக்கு. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'ஹோக்கே' என்று பர்மியச் சொல் வாயில் வந்து விழுந்தது. பந்தலில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு 'பர்மாக்காரர்' என்று பெயர் வைத்தீர்கள். இங்கே தெருவில் எனக்கு 'கலா' என்று பெயர். இந்தியன் என்று பொருள், வசவாகவும் பொருள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்துக்கு நான் வேற்றாள்.

எங்களுக்கு என்று இருந்த ஒரே சந்தோஷம் பந்தாட்டம். ரங்கூனிலும் சுற்றுவட்டாரத்திலும் நம்மவர்கள் நடத்திய அணிகள் ஆறு. எங்கள் பள்ளிவாசல் தெரு அணி ஒன்று. கோவில் தெருப் பிள்ளைகளின் அணி ஒன்று. இன்சீன் ரயில் பட்டறைக்காரர்களின் அணி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஹாஜியாரின் அணி. பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரி அவர். எந்தத் தெருவில் ஒரு பையன் நன்றாக ஆடினாலும் அடுத்த மாதம் அவன் காலில் ஹாஜியார் வாங்கிக் கொடுத்த பூட்ஸ் இருக்கும், அவன் அண்ணனுக்கு ஹாஜியார் கிடங்கில் வேலை இருக்கும். ஆட்டம் முடிந்தால் பிரியாணி வேறு. ஒன்பது வருடம் அவர்களே கோப்பையைத் தூக்கினார்கள். மற்ற ஐந்து அணிகளும் அவருக்குப் பிள்ளைகளைப் பழக்கிக் கொடுக்கும் பண்ணைகளாக இருந்தோம்.

3

என் மனைவி மைமூனின் தம்பி ஜப்பார். எண்பத்தெட்டில் போராட்டம் வெடித்து ரங்கூன் முழுக்கக் கடை அடைத்துக் கிடந்த பிறகு தாய்லாந்துப் பக்கம் போனவன், எப்படியோ ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தான். மெல்போர்னில் டயர் கம்பெனியில் வேலை. ஏழெட்டு வருடம் கழித்து, என் மாமியார் மவுத்தான பிறகு கத்தம் ஓத வந்திருந்தான். வந்தவன் மூன்று நாளும் ஒரு படத்தையே காட்டிக்கொண்டிருந்தான். கையில்லாத பனியன் போட்ட மனிதர்கள், முட்டை வடிவில் ஒரு பந்து, ஒருவன் தோள்மேல் இன்னொருவன் முட்டியை ஊன்றி ஆகாயத்தில் நிற்கிறான்.

இது பந்தாட்டமா, சர்க்கஸா என்று கேட்டேன்.

ஆட்டத்தை விடுங்க மச்சான், ஆள் எடுக்கிற முறையைக் கேளுங்க என்றான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அங்கே வருட முடிவில் கடைசியில் நிற்கும் அணிக்குத்தான் புதுப் பிள்ளைகளில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. அதற்கு மேல் நின்ற அணி இரண்டாம் ஆளை எடுக்கும். கோப்பை ஜெயித்தவன் கடைசியாகத்தான் கை வைக்க முடியும். எவ்வளவு பணம் இருந்தாலும் வரிசையைத் தாண்டி ஒரு பிள்ளையை வாங்க முடியாது. சம்பளத்துக்கும் இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்.

"அப்ப பணக்காரன் என்னதான் செய்வான்?" என்று கேட்டேன்.

"அவனும் நம்மள மாதிரி வரிசையில நிக்கணும் மச்சான்."

நெஞ்சில் அடித்தது. நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போதுதான் நான் அப்படி ஒரு நியாயத்தைப் பார்த்திருக்கிறேன். பலவீனனுக்கு முதல் பங்கு. இது நம்முடைய மார்க்கம் சொன்னதல்லவா, வெள்ளைக்காரன் பந்தாட்டத்தில் வைத்திருக்கிறானே என்று தோன்றியது.

அந்த வாரமே ஆறு அணிக்காரர்களையும் மதரஸா அறையில் கூட்டினேன். ஹாஜியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தோம். ஒத்துக்கொண்டார். தொடர்ந்து ஜெயித்து அவருக்கே சலித்துப் போயிருந்தது. பதினாறு நிரம்பிய பிள்ளைகளின் பெயர்கள் பலகையில் ஏறும். பிள்ளை நம் வட்டாரம்தான் என்பதற்கு வீட்டுப் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு தாள் உண்டு, யார் யார் அந்தக் கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று வார்டு ஆபீஸ் முத்திரை குத்தியது. அந்தத் தாளில் பெயர் இல்லாதவன் இந்த நாட்டில் இல்லாதவன். எடுத்த அணிக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் பிள்ளை இரண்டு வருடம் ஆடக்கூடாது. தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் சுண்ணக்கட்டி என் கைக்கு வந்தது.

4

ஜப்பார் போன பிறகும் கடிதத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றியே எழுதுவான். மேலே நிற்கும் அணிகள் எப்படி மேலேயே நிற்கின்றன என்று நான் கேட்டு எழுதுவேன். முதல் ஆள் கிடைக்காதவன் மற்றவர் கண்ணுக்குத் தப்பியவனைத் தேடுவானாம். உயரம் போதாது என்று தள்ளிய பிள்ளையை, முழங்காலில் அடிபட்டவன் என்று ஒதுக்கிய பிள்ளையை எடுத்து இரண்டு வருடம் பொறுத்திருப்பானாம். வயதான ஆட்டக்காரனை ஆட்டத்துக்காக இல்லாமல், இளையவர்களோடு நிற்பதற்காக ஒரு வருடம் கூட வைத்துக்கொள்வானாம். நல்ல பேர் இருக்கும்போதே ஒருவனை இன்னொரு அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய வரிசை இடங்கள் இரண்டை வாங்கிக்கொள்வானாம். புத்தி உள்ளவனுக்கு வரிசையின் கடைசி இடமும் நல்ல இடம்தான் என்று எழுதியிருந்தான்.

அதை எல்லாம் இங்கே செய்து பார்த்தேன். பந்தை வைத்துக்கொண்டு ஆடும் பையனை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பந்தைப் பறிகொடுத்த பையனைப் பார்ப்பேன், திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா என்று. சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவனை, மூன்று அணிகள் வேண்டாம் என்ற பிறகு எடுத்தோம். கோவிந்தன் என்று பெயர், பர்மியர்கள் கோ வின் என்று கூப்பிடுவார்கள். ஆறு வருடம் எங்கள் கோலைக் காத்தான். இரண்டு முறை கோப்பை எங்கள் தெருவுக்கு வந்தது.

இந்த முறையில் ஒரு சன்னல் இருந்தது. அங்கே, பழைய ஆட்டக்காரரின் மகன் பலகைக்கு வந்தால் தகப்பன் ஆடிய அணி அவனை வரிசைக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். நாங்களும் முதலில் அதை வைத்திருந்தோம். ஹாஜியாரின் அணியில் ஆடாத தகப்பன் யார்? நல்ல பிள்ளைகள் எல்லாம் அந்தச் சன்னல் வழியாக அவரிடமே போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் சன்னலை எடுத்துவிட வேண்டும் என்று எழுந்து பேசியவன் நான். பிள்ளை தகப்பனின் சொத்தா, பலகைக்கு முன்னால் எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான் என்று பேசினேன். ஹாஜியார் ஒரு கேள்விதான் கேட்டார்.

"உமக்கும் ஒரு மகன் வளர்றானே, அப்பவும் இதே பேச்சுதானா?"

"அப்பவும் இதே பேச்சுதான் ஹாஜியார்."

கை தட்டினார்கள், சன்னலும் மூடப்பட்டது. அன்றைக்கு வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்போது யூசுபுக்குப் பதின்மூன்று வயது.

5

யூசுப் என் கடைசிப் பிள்ளை, ஒரே மகன். இடது கால்காரன். நானும் சின்ன வயதில் இடது பின்வரிசையில் ஆடியவன், ஆனால் என் கால் வேறு, அவன் கால் வேறு. பந்து அவன் பாதத்தில் வந்து விழும்போது சத்தமே இருக்காது. பதினாறு நிரம்பி அவன் பலகைக்கு வரும் வருடம், ஆறு அணிக்காரர்களும் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். முதல் பெயர் அவன்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருடம் எங்கள் அணி மோசமாக ஆடியது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் இன்சீன் கடைசியில், அதே புள்ளியோடு நாங்கள் அவர்களுக்கு ஒரு படி மேலே. அவர்கள் ஆடி முடித்துவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் ஹாஜியார் அணியோடு ஒரு ஆட்டம் பாக்கி. கணக்கு இப்படி விழுந்தது: தோற்றால் கோல் வித்தியாசத்தில் நாங்கள் கடைசி, யூசுப் எங்களுக்கு. ஜெயித்தாலும் சமனாக விட்டாலும் யூசுப் இன்சீனுக்கு.

எங்கள் தலைவன் சுல்தான், கறிக்கடைக்காரன். லபெயே கடையில், தேநீர்க் கடைக்கு இங்கே அதுதான் பெயர், என்னை உட்கார வைத்து, தேநீர் வரும்வரைகூடப் பொறுக்காமல் ஆரம்பித்தான்.

"காக்கா, தோக்கணும்னு நான் சொல்லல. எப்பவும் போல ஆடுவோம். எப்பவும் அவங்ககிட்ட தோக்கத்தானே செய்றோம்?"

"எப்பவும் போலன்னா, ஜெயிக்கிறதுக்குத்தானே ஆடுறோம்."

"உங்க புள்ள காக்கா. நம்ம தெருப் புள்ள. கொஞ்சம் மெதுவா ஓடினா அல்லாஹ் கோவிக்க மாட்டான்."

கோவிந்தன் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். நான் ஓடவே வேண்டாம், நின்ற இடத்தில் நின்றால் போதும், பந்து தானே உள்ளே போகும் என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயிப்பது போல் நடித்துத் தோற்பது ஏமாற்று. ஏமாற்றிப் பெற்ற பிள்ளையை என் வீட்டுத் தெருவில் ஆடவிட்டு, அதைப் பார்த்து நான் எப்படி மாஷா அல்லாஹ் சொல்வேன்? பள்ளிவாசல் வாசலில் வைத்து பதினொரு பேரிடமும் தனித்தனியாக வாக்கு வாங்கினேன். இந்துப் பிள்ளைகள் நால்வர் இருந்தார்கள், அவர்கள் தங்கள் அம்மன்மேல் சொன்னார்கள்.

மழையில் ஆடினோம். இரண்டுக்கு ஒன்று. ஆறு வருடத்தில் ஹாஜியாரின் அணியை நாங்கள் ஜெயித்தது மூன்றாம் முறை. இரண்டாம் கோல் போட்ட சுல்தான் கையைத் தூக்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

6

மதரஸா அறையில் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆள் எடுப்பு. பெயர்களை நான்தான் எழுதினேன், யூசுபின் பெயரையும். இன்சீன் அணிக்காரர் ஊ தௌங். தகப்பனார் பர்மியர், தாயார் தமிழ். ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுந்து நின்று விரலை நீட்டினார். அந்தப் பெயருக்கு நேரே இன்சீன் என்று எழுதினேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும், அதனால் எழுத்தை இன்னும் அழகாகவே போட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

யூசுப் எழுந்து போய் ஊ தௌங் பக்கத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்கு வரும் வழியில் ஏதோ பேசினான், பர்மியத்தில். அதுவரை என்னோடு மட்டுமாவது தமிழில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை.

மைமூன் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"உங்க நேர்மைக்கு என் புள்ளதான் கெடச்சானா?"

இன்சீன் தூரம் இல்லை. நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஒரு மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் வருடம் ரயிலில் போய்த் திரும்பி வந்தான். இரண்டாம் வருடம் சனிக்கிழமை அங்கேயே தங்கினான். வீட்டில் விருந்தாளி தங்கினாலே வார்டு ஆபீசில் பதிய வேண்டும். ஊ தௌங்கும் அவர் மனைவி தாவ் மியாவும் வாராவாரம் போய் அவனை விருந்தாளியாகப் பதிந்தார்கள். மூன்றாம் வருடம் அவன் எங்கள் வீட்டுக்கு வருவதுதான் விருந்து போல் ஆனது. வாப்பா என்ற சொல் குறைந்து 'அபே' என்று கூப்பிட ஆரம்பித்தான். அதற்கும் தகப்பன் என்றுதான் பொருள். ஆனால் அந்தச் சொல்லை அவன் ஊ தௌங்குக்கும் சொல்வதை ஒரு நாள் மைதானத்தில் கேட்டேன்.

ஜும்ஆவுக்கு வருகிறாயா என்று கேட்டால், அங்கேயே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, போகிறேன் என்பான். போனானா, எனக்குத் தெரியாது. கேட்டால் பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்து கேட்பதை விட்டேன்.

7

பிறகு இந்த நாட்டில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் அணிகள் வந்தன. பேப்பரில் படம் வரும், தொலைக்காட்சியில் ஆட்டம் வரும். அதில் ஒரு அணிக்காரர்கள் இன்சீனுக்கு வந்து யூசுபைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துப்போயிற்று. பதிவு செய்யக் குடியுரிமை அட்டை கேட்டார்கள். இவனிடம் இருந்தது வெள்ளை அட்டை. வெள்ளை அட்டைக்காரனை உள்நாட்டு ஆட்டக்காரனாக எழுத முடியாது. வெளிநாட்டு ஆட்டக்காரனாகவும் எழுத முடியாது, அவனிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.

குடியேற்ற ஆபீசுக்கு நானும் அவனும் பதினோரு முறை போனோம். பாட்டன் இறங்கிய கப்பலின் தாள் இருக்கிறதா என்றார்கள். வாப்பாவின் மரணச் சீட்டில் பெயர் ஒரு விதம், என் புத்தகத்தில் ஒரு விதம் என்றார்கள். அடுத்த புதன் வா என்றார்கள். அடுத்த புதன் விடுமுறை.

ஒரு ஞாயிறு பகலில் ஊ தௌங்கும் யூசுபும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். மைமூன் தேநீர் வைத்தாள். ஊ தௌங் குவளையைத் தொடாமல் தமிழில் பேசினார். அவர் தமிழ் துறைமுகத்துக் கூலிக்காரர்களின் பழைய தமிழ், வார்த்தைக்கு வார்த்தை பர்மியம் கலந்தது. அவருக்கு ஒரு மகன் இருந்தான், சோ மின் என்று பெயர். ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இருந்திருந்தால் யூசுபின் வயது. வீட்டுப் பட்டியலில் இருந்து அவன் பெயரை எடுக்க தாவ் மியாவுக்கு மனம் வரவில்லை, அப்படியே கிடக்கிறது. அந்தப் பெயருக்கு அட்டை எடுத்துவிடலாம். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருந்தால் சோதனையில் மாட்டிக்கொள்வான். அதனால் யூசுபின் பெயரை என் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும். குடும்பத் தலைவன் நான், என் கையெழுத்து வேண்டும்.

பெற்றவனை விட்டு வேறொருவனைத் தகப்பன் என்று சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று பள்ளிவாசலில் எத்தனையோ முறை கேட்டவன் நான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"காக்கா, இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் ஊ தௌங். "அந்த வருசம் நாங்க வேணும்னேதான் தோத்தோம். கடைசி மூணு ஆட்டமும். கோல்காரனை முன்னால ஆட விட்டேன். எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லல, நீங்க வருத்தப்படுவீங்கன்னு."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சுல்தானுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் லபெயே கடையில் அவ்வளவு சிரித்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் நேர்மையாக ஆடிக்கொண்டிருந்தேன், அதுவும் என் பிள்ளையை வைத்து.

கோபத்தில் யூசுபைப் பார்த்து, நீ எப்படி இதற்குச் சம்மதித்தாய் என்று கேட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு அவன் எனக்குத் தமிழில் பதில் சொன்னான். தேடித் தேடிச் சொன்னான்.

"வாப்பா, அந்தப் பலகையில என் பேரை எழுதினீங்க. எங்க போறேன்னு என்கிட்ட கேக்கல. சுல்தான் காக்கா கேக்கல, இவர் கேக்கல, நீங்களும் கேக்கல. இப்ப நான் கேக்குறேன்."

மைமூன் அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த வீட்டுப் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

8

வார்டு ஆபீசில் இருந்த பெண் இளம் வயது, நல்ல மாதிரி. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே பேசினாள். பெயரை எடுக்கக் காரணம் என்ன என்று கேட்டாள். இடம் மாறிப் போகிறான் என்றால், போகும் இடத்தில் அதே பெயரில் பதிய வேண்டும். அது நடக்காது. மரணம் என்றால் பள்ளிவாசல் அடக்கச் சீட்டு வேண்டும். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளே குரலைத் தாழ்த்தி வேறு வழி சொன்னாள். வெளிநாடு போனான், தொடர்பு இல்லை என்று எழுதலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாள். எந்த நாடு என்று என்னைக் கேட்கவில்லை. மலேசியா என்று அவளே எழுதிவிட்டு, கையெழுத்துக்கு இடத்தைக் காட்டினாள்.

ஒரு பொய்யான தோல்விக்குச் சம்மதித்திருந்தால் பிள்ளை தெருவிலேயே இருந்திருப்பான். அன்றைக்கு நான் என் மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொண்டேன். இன்றைக்குக் கையெழுத்து போடவில்லை என்றால் மறுபடியும் அதைத்தான் காப்பாற்றுவேன், அவன் செலவில். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

அவள் அடிமட்டத்தை வைத்து சிவப்பு மையில் யூசுபின் பெயரை அடித்தாள். கோடு நேராக விழுந்தது. தாளை ஊதி, உலர்த்தி, என்னிடம் கொடுத்தாள்.

9

இப்போது பேப்பரில் சோ மின் படம் வருகிறது. இடது ஓரத்தில் ஆடுகிறான். தகப்பனார் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தார்கள். சந்தையில் பக்கத்துக் கடைக்கார பர்மியர் என்னிடமே காட்டி, பார்த்தீர்களா, உங்கள் ஆட்களின் சாயல் இருக்கிறது, எவனோ கலாவுக்குப் பிறந்திருப்பான் என்றார். இருக்கும் என்றேன்.

தெருவில் எல்லாருக்கும் யூசுப் மலேசியாவில். பந்தாட்டக்காரர்களுக்குப் பேப்பரில் வரும் முகம் யாருடையது என்று தெரியாமல் இருக்காது, என் முன்னால் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பார்கள். பினாங்கு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன், அதனால் எல்லாரிடமும் பினாங்கு. சாப்பாட்டுக் கடையில் வேலை என்று மைமூன் சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கட்டுமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றேன். மைமூன் மட்டும் மாதம் ஒரு ஞாயிறு தூக்குவாளியில் சோறும் ஆணமும் எடுத்துக்கொண்டு வட்ட ரயிலில் ஏறுகிறாள். எனக்கு அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பட்டியலில் அந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பவனைப் பார்க்க, நான் யார் என்று சொல்லிக்கொண்டு போவது?

ஜப்பாருக்கு விஷயத்தை எழுதினேன். அங்கேயும் வேண்டுமென்று தோற்கிறார்கள் மச்சான், தடுக்க வருடா வருடம் சட்டம் மாற்றுகிறார்கள், உங்களுக்கு எழுதினால் மனம் உடைவீர்கள் என்று விட்டுவிட்டேன் என்று பதில் போட்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

போன வெள்ளி, அந்தச் செயலாளர் என்னைப் பிடிப்பதற்கு முன்னால், இமாம் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக துஆச் செய்தார். யார் யார் பெயர் என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்து சுல்தான் குரல் கொடுத்தான், நம்ம காக்கா மகன் யூசுப், மலேசியா என்று. அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். பள்ளிவாசல் முழுக்க என் மகனுக்காகக் கை ஏந்தியது. நானும் ஏந்தினேன். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இல்லாத ஊரில் இருக்கும் ஒருவனுக்காக அவ்வளவு பேர் கேட்டார்கள். இன்சீனில் இருப்பவனுக்காக நான்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உட்காருகிறேன். அவன் காலைக் காப்பாற்று, ஈமானைக் காப்பாற்று என்று கேட்க நினைக்கிறேன். யா அல்லாஹ், இன்னாருடைய மகன் இன்னார் என்று சொல்லித்தான் எனக்குக் கேட்டுப் பழக்கம். அந்த இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. ஏந்திய கையை அப்படியே முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.